துடிப்பு நரம்புவலையும் பங்கீட்டுக் கணக்கும்

மலாக்காத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு நடந்த காலத்தில் கங்காணியாரின் திறமை எதனால் அறியப்பட்டது? ஆள் எண்ணிக்கையால் அன்று. யாருக்கு எந்த நிரை என வகுத்த வகையால். ஆளும் மரமும் நிறைந்திருந்தும் பங்கீடு பிழைத்தால் பால் குறையும். மூளையின் அமைப்பைப் பின்பற்றும் கணினிச் சில்லுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அங்கே பங்கீடு செய்யும் கங்காணி, கம்பைலர் எனப்படும் நிரல்தொகுப்பி.

2014இல் ஐ.பி.எம். வெளியிட்ட ‘ட்ரூநார்த்’ சில்லில் ஏறத்தாழ 10 லட்சம் செயற்கை நரம்பணுக்கள் 4,096 பகுதிகளில் அமைந்துள்ளன. அவை ஓயாது செய்தி அனுப்புவதில்லை. வேண்டும்போது ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். ஆதலின் மின்செலவு ஏறத்தாழ 70 மில்லிவாட்டே. ஆயின் ஒரு பகுதிக்கு உள்வழிகள் 256 மட்டுமே. அதனினும் பெரிய வலையை எவ்வாறு கூறிடுவது? எக்கூற்றை எங்கு வைப்பது?

இத்தகைய சிக்கலை ஆராயும் கட்டுரை ஒன்றை 2020இல் அமெரிக்க டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிஹாவ் சாங், ஆதர்ஷ பாலாஜி, அனூப் தாஸ், நாகராஜன் கந்தசாமி, ஜேம்ஸ் ஷேக்கில்ஃபோர்டு ஆகியோர் வெளியிட்டனர். அவர்கள் முதலில் வலையைச் சில்லின் பகுதிகளுக்குள் அடங்கும் கூறுகளாகப் பிரிக்கின்றனர். பின்னர் அக்கூறுகளுக்கிடையே செல்லும் துடிப்புகளை ஓட்டப்படமாக வரைந்து, வேலை முடியும் நேரத்தை முன்கூட்டியே கணிக்கின்றனர். பலர் வந்து சேர்ந்த பின்பே தொடங்கும் வேலையில், கடைசியாக வந்தவரின் நேரமே கணக்கு. இதனையே ‘மேக்ஸ்-பிளஸ்’ இயற்கணிதம் கணிக்கிறது. மூன்றாவதாக, சில்லில் அவ்வேளை எஞ்சியுள்ள இடத்திற்கேற்பப் புதிய வேலையை விரைந்து அமர்த்தவும் வழி கூறுகின்றனர். பொருந்தினால் போதும் என்னாது, எப்போது முடியும் என்றும் உறுதி கூற முனைந்தது இக்கட்டுரையின் தனிச்சிறப்பு.

குறைகளும் இல்லாமல் இல்லை. அவ்வோட்டப்பட முறை, ஒவ்வொரு கூறும் அனுப்பும் துடிப்பின் அளவை முன்னரே வரையறுத்துக்கொள்வது. உண்மைத் துடிப்போ காணும் காட்சிக்கேற்ப மாறும். மழைநாளும் வெயில்நாளும் ஒரே அளவு பால் வரும் என எழுதிய கணக்கு எத்துணை நாள் நிற்கும்? மேலும், கூறிடும் முறை ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு நல்லதையே தெரிந்தெடுப்பது. அது முழுமைக்கும் சிறந்த பங்கீடாதல் உறுதியன்று.

எனினும் இவ்வாராய்ச்சியால் பெறும் பாடம் பெரிது. செங்கிற்கு அண்மையிலுள்ள பத்து பெரண்டாமில் 1973இல் சீமென்ஸ் தொடங்கிய சில்லுத் தொழிற்சாலை இன்று இன்ஃபினியான் பெயரில் இயங்குகிறது. இத்தகைய ஆலைகளில் உழைப்போர் சில்லின் உடலை ஆக்குகின்றனர். அதற்கு வேலை பகிர்ந்தளிக்கும் அறிவு வேறிடத்தில் பிறக்கிறது. அவ்வறிவைப் பெறப் பெருஞ்செல்வம் முதலில் வேண்டுவதன்று. தாளும் எழுதுகோலும் கணக்கில் பழகிய மனமும் போதும். நிரை வெட்டியவரின் பேரப்பிள்ளை நிரை வகுப்பவராதல் இன்று கைக்கெட்டும் தொலைவே.