துடைத்தது யார்?

ஜிம் கார்பெட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். 1944-ல் வந்த குமாவுன் புத்தகம், 1948-ல் வந்த ருத்ரப்ரயாக் சிறுத்தை, இரண்டையும். புலியைப் பற்றி எல்லோரும் எழுதியாச்சு. இந்தத் தடவை நான் கவனித்தது அவர் கையிலிருந்த துப்பாக்கியை.

லண்டன் ஜான் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். சம்பாவத் புலியை 1907-ல் கொன்றதற்காகக் கிடைத்த பரிசு. 1926-ல் ருத்ரப்ரயாக் சிறுத்தையைச் சாய்த்ததும் இதுதான். 1930-ல் இடது கையில் இரண்டு பறவை முட்டைகளை வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் சௌகர் பெண்புலியைச் சுட்டாரே, அதுவும் இதே. அப்போது துப்பாக்கிக்கு வயசு இருபதுக்கு மேல். பி.காம். புத்தி உடனே தேய்மானக் கணக்குப் போடுகிறது. இத்தனை வருஷம், இத்தனை மழை, அதை யார் துடைத்தார்கள்?

கார்பெட் அதைப் பற்றி ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. காற்றின் திசை, டார்ச் வெளிச்சம், காலடித் தடம் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக இடம் உண்டு. எண்ணெய்த் துணிக்கு இல்லை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். உப்பளக் காற்றில் கேட் கீலும் சைக்கிள் செயினும் என்ன பாடுபடும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ரைஃபிளுக்கோ உப்பு உள்ளேயிருந்தே வரும். அந்தக் காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படியும். சாப்பாட்டு உப்புக்குச் சித்தப்பா பிள்ளை! காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் கரையாது. அதனால் வெறும் எண்ணெய் தடவினால், மேலே பளபள, உள்ளே துரு. முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துணி விட்டுத் துடைத்து உலர்த்த வேண்டும், அப்புறம்தான் எண்ணெய். போல்ட்டை உருவிவிட்டால் பின்பக்கமிருந்தே குழலைச் சுத்தம் செய்யலாம், வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்க்கவும் செய்யலாம்.

இந்த மௌனம் எனக்குக் குறையாகவே படுகிறது. ஏனென்றால் இவருக்கு எழுத வராமல் இல்லை. 1953-ல் வந்த 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில், சின்ன வயசில் கிடைத்த, ஒரு குழல் வெடித்துப்போய் பித்தளைக் கம்பியால் கட்டிய பழைய துப்பாக்கியைப் பற்றி அவ்வளவு ஆசையாகச் சொல்கிறார். சிறுவன் கார்பெட்டுக்குத் துப்பாக்கி ஒரு பொருள். பெரியவர் கார்பெட்டுக்கு அது கையோடு சேர்ந்துவிட்டது, கண்ணிலேயே படவில்லை. அவர் வழியில் வந்த வேட்டைக் கதைகளில் நிலைமை இன்னும் மோசம். விசையை அழுத்துகிற விரல் மட்டும்தான் தெரியும்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போயிற்று, தாத்தாக்களின் துப்பாக்கி போகவில்லை. உரிமத்தைத் தன் பெயரில் வாங்காமல் பேரன் அதை வைத்திருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். உரிமம் வாங்கியவர்களுக்கு மிச்சமிருப்பது கழுவித் துடைக்கிற வேலைதான். அதைத்தான் இந்தப் புத்தகங்கள் சொல்லித் தரவில்லை.

கார்பெட்டின் ரைஃபிள் இப்போது ரிக்பி கம்பெனியிடமே திரும்பிவிட்டது. 2016-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.