இரண்டு கேஷ், ஒரு காசு

மேடையில் கைதட்டலுக்கு உத்தரவாதமான வரிகளில் ஒன்று, ‘ஆங்கிலேயனின் கேஷ் நம்முடைய காசு’ என்பது. காசிலிருந்து பிறந்த கேஷ் ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் பேச்சாளர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவது அந்தக் கேஷ் அல்ல.

திராவிட மொழி ஒப்பாய்வுக்குக் கால்டுவெல் 1856இல் இட்ட அடித்தளமும், தமிழே மூலமொழி என்று பாவாணர் 1940இல் ‘ஒப்பியன் மொழிநூல்’ வழியே எழுப்பிய பெருங்கனவும் வாசகர் அறிந்தவை. பாவாணர் வழி வந்தோரில் பலர் அவருடைய இலக்கணப் புலமையை விட்டுவிட்டு, ஒலியொப்புமை என்ற மலிவான சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலே இவர்களுக்கு உறவு முடிவாகிவிடுகிறது.

இந்த ஆரவாரத்தில் மறக்கப்பட்டவர் ஆர்தர் கோக் பர்னல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்துகொண்டே அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். 1874இல் தென்னிந்திய எழுத்தியல் பற்றி நூல் எழுதியவர். ஹென்றி யூலுடன் சேர்ந்து அவர் தொகுத்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி ‘ஹாப்சன் ஜாப்சன்’ 1886இல் வெளிவந்தபோது, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அகராதி விளக்கும் கேஷ், சின்ன நாணயம். காசு என்ற தமிழ் வடிவத்தையோ அதன் கொங்கணி வடிவத்தையோ போர்த்துக்கீசியர் ‘கைஷா’ ஆக்க, ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினர். சென்னை மாகாணத்தில் 80 கேஷ் ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்னும் பொன் நாணயம். 1803இல் இங்கிலாந்தில் சென்னைக்கென அடித்த செப்புக்காசில் ‘20 கேஷ்’ என்றே பொறித்தார்கள். இந்தக் கணக்குமுறை 1818 வரை நீடித்தது. சதுரத் துளையிட்ட சீனச் செப்புக்காசுக்கும் ஐரோப்பியர் இதே பெயரைச் சூட்டினர்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு ஊர் வேறு. பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் ‘காப்சா’, இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு அதிலிருக்கும் பணம். ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்கும் நம் கடைக்காரருக்கு இந்தப் பொருள்மாற்றத்தை விளக்கவே வேண்டாம். பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’ இதன் உடன்பிறப்பு. வழக்கைக் குறிக்கும் ‘கேஸ்’ அந்நியம். காசாளரான ‘கேஷியர்’ இந்தப் பெட்டி வழி வந்தவர். ராணுவ அதிகாரியைப் பதவி நீக்குவதைச் சொல்லும் ‘கேஷியர்’ என்ற வினையோ வேறொரு வேரிலிருந்து வந்தது.

ஓர் ஒலிக்குள் பல சொற்கள் குடியிருப்பது நமக்குப் புதிதா? சோழர் கல்வெட்டில் காசு நாணயம். ‘காசறு’ என்னும்போது குற்றம். வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு வாய்பாடு. யாப்பு படித்த சமூகம் இத்தனை மெத்தனமாக ஒலியை நம்பக் கூடாது.

சொல்லாராய்ச்சிக்கு வேண்டியது ஆண்டும் இடமும் எழுத்துச் சான்றும். எ. சுப்பராயலு பதிப்பித்த கல்வெட்டுச் சொல்லகராதி அந்த நிதானமான வழியில் செல்கிறது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் எந்தத் துறைமுகத்தில், யார் வாய்வழி ஆங்கிலத்தில் ஏறின என்பதைக் கப்பல் குறிப்புகளிலும் கம்பெனிக் கணக்குகளிலும் தேடும் வேலை நம் பல்கலைக்கழகங்களுக்குக் காத்திருக்கிறது. சென்னை நாணயத்தில் பெயர் பொறிக்கப்பட்ட கேஷ் நமக்குச் சான்றோடு கிடைத்த சொத்து. இத்தாலியரின் பெட்டிக்கு நாம் உரிமை கோர வேண்டியதில்லை.