இரவு இரண்டு மணிச் சோறு

ராத்திரி நேரத்தில் ஊத்துக்கோட்டைக் கடைத்தெருவில் அடையாள அட்டையும் தோள்பையுமாக நிற்பவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள். சிலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, சிலர் எல்லை தாண்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டிக்கு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்கள். நள்ளிரவு தாண்டியதும் கேன்டீனில் இன்னொரு முறை இலை விழும். எனக்கு அந்த இரண்டாவது சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம்.

கேன்டீனே வேண்டாம் என்பவன் அல்ல நான். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகத்தைக் கட்டாயமாக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழிவகுத்தது. தூக்குச்சட்டியில் ஊசிப்போன சோற்றைத் தின்ற தலைமுறைக்குச் சூடான சாம்பாரும் மோரும் சலுகை விலையில் கிடைத்தது சின்ன விஷயமா? 'பழையபடி கேழ்வரகுக் கூழுக்குத் திரும்புங்கள்' என்று மேடையில் முழங்குவோர், கணவன் ஒரு ஷிப்ட்டும் மனைவி ஒரு ஷிப்ட்டுமாக ஓடும் வீட்டில் கூழை யார் கரைப்பது என்று சொல்வதில்லை.

கோளாறு, பகல் சாப்பாட்டை அப்படியே இரவுக்கும் போடுவதில் இருக்கிறது. இரண்டு மணிக்கும் அதே குவியல் சோறு, அதே அப்பளம். கண் விழித்திருந்தாலும் உடம்புக்கு அது தூங்கும் நேரம். சர்க்கரையைக் கையாளும் திறன் அப்போது குறைவு. பாஸ்டனில் 19 பேரை இரவு வேலைக்காரர்கள் போல விழிக்கவைத்துச் சோதித்தார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. மறு ஆண்டு அதே குழு மனநிலைக் கணக்கையும் வெளியிட்டது. இரவில் சாப்பிட்டோரிடம் மனச்சோர்வு உணர்வு 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் ஏறியிருந்தன. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதற்குத் தூக்கக்கேடு மட்டும் காரணமில்லை போலும்.

ஆனாலும் 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்களில் யாரும் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்றவரில்லை. ரோலிங் மில் தொழிலாளியைப் பட்டினி போட்டால் மயங்கித்தான் விழுவார். பெரிய சாப்பாடு ஷிப்ட்டுக்கு முன்னால், நடுவில் பசியடங்கச் சுண்டல், அவித்த முட்டை, மோர் என்று மாற்றலாம். அதற்குக் கூடுதல் செலவும் பெரிதாக ஆகாது.

கேட்டுக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே கைப்பேசி ஆலைப் பெண்கள் 159 பேரை மருத்துவமனைக்கு அனுப்பியது விடுதிச் சாப்பாடு. அதன் பிறகு நெடுஞ்சாலையை மறித்த பெண்களின் கோபம் சோற்றோடு நிற்கவில்லை. நெருக்கியடித்துத் தூங்கிய அறைகளையும் சேர்த்துத்தான்.

நம் தொழிற்சாலை விதிகளில் கேன்டீன் நிர்வாகக் குழு என்று ஒன்று உண்டு. அதில் நிர்வாகம் நியமிப்பவர்களுக்குச் சமமாகத் தொழிலாளர் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும்; என்ன சமைப்பது, எத்தனை மணிக்குப் பரிமாறுவது என்று அவர்களைக் கலந்தாக வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் சாம்பாரில் பருப்பு குறைவு என்பதோடு நிறுத்தாமல், அடுத்த கூட்டத்தில் இரவு இரண்டு மணித் தட்டைப் பற்றியும் பேசுங்கள்.