நாகூரில் விடிய விடியப் பாட்டு

மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கியிருக்கிறேன். திருவையாற்றில் காவிரிக் கரையில் மணலில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் கேட்டிருக்கிறேன். பெரிய மைதானங்களில் பல்லாயிரம் பேரோடு நின்று தொண்டை வற்றச் சினிமாப் பாட்டுப் பாடியிருக்கிறேன். எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், "இனி ஒரே ஒரு ராத்திரிதான் பாட்டுக் கேட்கலாம், எங்கே போகிறாய்?" என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். நாகூர். தர்காவின் கந்தூரி விழா. சந்தனக்கூடு ராத்திரி.

நான் ஆவடிக்காரன். 1960-களில் டாங்கித் தொழிற்சாலை வந்த பிறகு நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊர் இது. எங்கள் குடியிருப்பில் கார்த்திகை பிறந்தால் மலையாளிகள் வீட்டு ஐயப்பன் பஜனை, புரட்டாசி ஐப்பசியில் வங்காளிகளின் துர்கா பூஜை மேளம், டிசம்பர் குளிரில் வீடு வீடாகக் கேரல் பாடிக்கொண்டு வரும் பிள்ளைகள். எந்தச் சாமிக்கு எந்தப் பாட்டு என்று தெரியாத வயதிலேயே எல்லாப் பாட்டும் காதில் விழுந்துவிட்டது. சுற்றுப்புறமும் அப்படித்தான். பாடியில் இருக்கிற திருவலிதாயத்தைச் சம்பந்தர் பாடினார். திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடினார். இரண்டையும் பிற்காலத்தில் வள்ளலார் பாடினார். பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அங்கேயே கோல்கொண்டா சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசலும் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் இவ்வளவு இருக்கிறது. ஆனாலும் இவை அத்தனையும் ஒரே ராத்திரியில், ஒரே தெருவில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒலித்தால் எப்படி இருக்கும் என்பதை நாகூரில்தான் கேட்டேன்.

அழைத்துப் போனவர் என்னோடு வேலை பார்த்த நாகூர்க்காரர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே மெல்லிய குரலில் பாடுவார். என்ன பாட்டு என்று கேட்டால், "தம்பி, ஒரு தடவை கந்தூரிக்கு வாங்க. வந்து கேட்டுட்டு அப்புறம் பேசுவோம்" என்பார். வேறு எதுவும் சொன்னதில்லை. அவர் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சந்தனக்கூடு ஊர்வலம் எங்கே புறப்படுகிறது தெரியுமா? நாகப்பட்டினம் அபிராமி அம்மன் கோயில் திருவாசலில். ஒரு முஸ்லிம் இறைநேசரின் அடக்கத்தலத்துக்குப் போகிற சந்தனம் அம்மன் வாசலில் இருந்து கிளம்புகிறது. அந்த ஊரில் யாருக்கும் அது செய்தியே இல்லை. "பின்ன எங்கேர்ந்து கிளம்பும்?" என்று பூக்காரம்மா ஒருவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

பொழுது சாய்ந்ததும் மின்விளக்குகள் பூட்டிய ரதங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. கப்பல் உருவில் செய்தவை பல. கடலை நம்பிப் பிழைத்த ஊர், கடலோடிகளைக் காப்பவர் என்று அந்த இறைநேசரை, நாகூர் ஆண்டவரைக் கொண்டாடுகிற ஊர், வேறு எதைச் செய்யும்? ஒரு ரதத்துக்கு முன்னால் பேண்டு வாத்தியம். அடுத்ததற்கு முன்னால் தவிலும் நாகசுரமும். அதற்குப் பின்னால் தாரை தப்பட்டை. இவற்றுக்கு நடுவே பச்சைத் தலைப்பாகை கட்டிய பக்கீர்கள், கையில் தப்ஸ் என்னும் கைப்பறை. நாகூர் வரைக்கும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஊர்வலம் அந்தத் தூரத்தைக் கடக்கக் கிட்டத்தட்ட ராத்திரி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. விடியும் முன் சந்தனம் தர்காவுக்குள் போகும். நடுவில் இருக்கிற நேரம் முழுக்கப் பாட்டு. கூடவே நடந்தேன். கால் வலித்திருக்க வேண்டும், நினைவில் இல்லை.

தர்காவில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரின் சூஃபி ஞானி முகம்மது கௌஸிடம் சீடராக இருந்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம், அந்த முகம்மது கௌஸின் கல்லறை வளாகத்திலேதான் இசை மேதை தான்சேனும் அடங்கியிருக்கிறார். இன்றைக்கும் தான்சேன் பெயரில் ஆண்டுதோறும் குவாலியரில் இசை விழா நடக்கிறது. ஒரே குருவின் நிழலில் இருந்து ஓர் இசை வடக்கே அரசவைக்குப் போனது. இன்னோர் ஓடை தெற்கே வந்து வங்கக் கடற்கரையில் இறங்கியது. நாகூரில் பாடுகிறவர்கள் கர்நாடக ராகத்தில் தொடங்கி, எங்கோ ஓரிடத்தில் சட்டென்று இந்துஸ்தானிக்குத் திரும்புவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. தர்காவின் ஆஸ்தான வித்வானாக இருந்த எஸ்.எம்.ஏ. காதிர் இரண்டு மரபும் கைவந்தவர். நாகூர்ப் பாடகர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்ததற்காக ஆண்டவருக்கு நிலம் கிடைத்தது என்பது மக்கள் சொல்லும் கதை. ஐந்து மினாராக்களில் மிக உயரமான 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் என்பது வரலாறு. ராத்திரி விளக்குகளோடு அதைக் கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இப்போது பக்கீர்கள் பாட்டுக்கு வருகிறேன். மற்றதெல்லாம் நான் எப்படியோ சொல்லிவிடுவேன். இதைச் சொல்வதுதான் கஷ்டம்.

தர்கா வளாகத்தில் ஓர் ஓரமாக ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மைக் இல்லை, மேடை இல்லை. வயதில் மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு தாளம் இல்லாமல் ஓர் அடியை இழுத்தார். வெற்றிலை போட்டுப் போட்டுக் கரகரத்த குரல். மேலே போகப் போக அந்தக் கரகரப்பே அழகாகிவிட்டது. அவர் அடியை முடிக்கும் இடத்தில், யாரும் சைகை காட்டாமலே, ஏழெட்டுத் தப்ஸும் ஒரே அடியாக விழுந்தன. நெஞ்சுக் கூட்டுக்குள் அது கேட்டது. தமிழில் இரண்டு அடி, பல்லவி போல அரபு மொழியில் இறைநாமம், அப்புறம் உருதுவில் ஒரு கண்ணி, மறுபடியும் தமிழ். தாளம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கையும் தட்ட ஆரம்பித்தது. எனக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்த ஒரு பாட்டி, மடியில் மொட்டை அடித்துச் சந்தனம் தடவிய பேரனோடு, அந்த அரபுப் பல்லவியை ஒரு பிசிறு இல்லாமல் கூடச் சேர்ந்து பாடினார். ஆண்டுதோறும் வருகிறவராம்.

அந்த வட்டத்தில்தான் குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளைப் பாடக் கேட்டேன். புத்தகத்தில் படித்தபோது ஏற்படாத ஒன்று அப்போது ஏற்பட்டது. எங்கள் வீட்டில் தாத்தா விடியற்காலையில் தாயுமானவரின் பராபரக்கண்ணி சொல்லுவார். அதே நடை, அதே இரண்டடி, அதே ஏக்கம். குணங்குடியாரும் பராபரக்கண்ணி என்ற பெயரிலேயே ஒன்று பாடியிருக்கிறார். அகத்தீசர் சதகம் பாடியவரும் அவர்தான். சென்னையில் ராயபுரத்துப் பக்கம் வாழ்ந்து அடங்கிய அவரைப் புகழ்ந்து நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப்பெருமாளையர், தீவிர சைவர். 19-ஆம் நூற்றாண்டுச் சென்னையில் ஒரு சைவப் புலவர் ஒரு முஸ்லிம் ஞானியைப் பாடினார். நாம் அவர்களைவிட முன்னேறியவர்கள் என்று நினைக்கிறவர்கள் அந்த நூலை எடுத்துப் பார்க்கட்டும்.

நாகூரைப் புலவர் கோட்டை என்பார்கள். பொருத்தமான பெயர்தான். குலாம் காதிறு நாவலர் 1833-இல் பிறந்தது இங்கே. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் கம்பனைக் கரைத்துக் குடித்தவராகவும் இருந்த மு.மு. இஸ்மாயில் நாகூர்க்காரர். நாவல் எழுதிய முஸ்லிம் பெண்களில் முன்னோடியான சித்தி ஜுனைதா பேகமும் நாகூர்தான். கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் என்று அரபு, பாரசீக உறவால் தமிழுக்கு வந்த இலக்கிய வகைகளை இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த ஊர்த் திண்ணை ஒன்றில், தாள் பழுத்துப்போன புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பெண்கள் நாலைந்து பேர் முனாஜாத்து ஓதிக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்குப் படித்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

நாகூர் ஹனிஃபாவைச் சொல்லாமல் விட முடியுமா? 2015-இல் மறையும் வரை அந்த வெண்கலக் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை எங்கள் பக்கத்து டீக்கடையில் காலையில் சுப்ரபாதத்துக்கு அடுத்ததாகப் போடுவார்கள். கடைக்காரர் முருக பக்தர். கந்தூரிக் கடைத்தெருவில் திரும்பும் பக்கமெல்லாம் ஹனிஃபாவின் குரல்தான். நடந்துகொண்டே இருந்தால் ஒரு கடையின் பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த கடையின் பாட்டு உங்களை வாங்கிக்கொள்ளும்.

அமைதி விழா, நல்லிணக்க விழா என்று பதாகை கட்டி நடத்துகிற நிகழ்ச்சிகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு நடப்பவை, நடக்கட்டும். ஆனால் நாகூரின் நல்லிணக்கம் சோதனையில் தேறியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றைக்கு தர்கா தன் வாசலைத் திறந்து வைத்தது. இறந்தவர்களை மதம் பார்க்காமல் தன் நிலத்தில் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. நானா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே பிரார்த்தனை நடக்கிறது.

அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் சென்னையைச் சேர்ந்த எர்த்சிங்க் நிறுவனம், சுனாமி தாக்கிய கரைகளில் மிச்சமிருந்த பாட்டுகளைத் தேடிப் புறப்பட்டது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மியன்மார், தாய்லாந்து, இந்தோனேசியா என்று ஆறு நாடுகளின் ஊர்ப் பாடகர்களைப் பதிவு செய்து 'லயா ப்ராஜெக்ட்' என்ற படமும் இசைத்தொகுப்புமாக வெளியிட்டார்கள். அதில் நாகூர் தர்காப் பாடகர்களும் உண்டு. அப்புறம் அஜா மைதீன், அப்துல் கனி, சபுர் மைதீன் பாபா சபீர் ஆகிய மூவரின் குரலில் 'நாகூர் செஷன்ஸ்' என்று தனித் தொகுப்பே வந்தது. நாகூர் போக முடியாதவர்கள் முதலில் அதைக் கேளுங்கள். மூன்று குரலும் மேல் ஸ்தாயியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறும் இடங்களில் நான் பல முறை ரயிலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா கட்டினார்கள், இலங்கையில் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடி ஏற்றுகிறார்கள் என்றால், கப்பல் ஏறிப் போன நம் ஆட்கள் இந்தப் பாட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள் என்றுதான் அர்த்தம்.

விடியும் நேரத்தில் சந்தனம் பூசி முடிந்ததும் கூட்டம் ஒரு பெரிய மூச்சு விட்டது. சாம்பிராணிப் புகை, ரோஜா மாலை வாசம், சந்தன வாசம். கையில் ஒரு துளிச் சந்தனம் வைத்தார்கள். அந்த வாசனையோடுதான் நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி அம்மனையும் பார்த்துவிட்டு, மதியம் வேளாங்கண்ணிக்குப் போனேன். ஒரே கரையோரம், ஒரே நாளில் மூன்று இடமும் போய்வரலாம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி விகாரம் நின்றதும் இதே நாகப்பட்டினத்தில். ஆயிரம் ஆண்டாக எல்லா நாட்டாரையும் எல்லா வழிபாட்டையும் வரவேற்ற கரை இது. அங்கே இப்படி ஒரு விழா நடப்பதில் வியப்பில்லை. சென்னையில் இருக்கிற நம்மில் இத்தனை பேர் அதைக் கேளாமலே இருக்கிறோமே என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நண்பர்களே, தயவுசெய்து ஒரு தடவை போங்கள். கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதம் முதல் பிறையில் கொடியேறும். பதினான்கு நாள் விழா. பத்தாம் பிறை விடியலில் சந்தனம். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2024-இல் டிசம்பரில் வந்தது. எழும்பூரிலிருந்து காரைக்கால் போகிற ராத்திரி ரயில் நாகூரில் நிற்கும். அறைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் கையை விடாதீர்கள், கூட்டம் அப்படி. வளாகத்துக்குள் பெரிய ஒலிபெருக்கிப் பக்கமே நிற்காமல் ஓரங்களில் நடந்து பக்கீர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். டிக்கெட் கிடையாது, அழைப்பிதழ் கிடையாது, உங்கள் பெயரையோ ஊரையோ யாரும் கேட்க மாட்டார்கள். வட்டத்தில் இடம் இருந்தால் உட்காருங்கள். தாளம் பிடிபட்டதும் நீங்களும் கை தட்டுங்கள்.