பெயரை இழந்த சிறுமி

ஆவிகளும் சூனியக்காரியும் நிறைந்த கார்ட்டூன் படமொன்றை இறையியல் இதழில் ஆராய்வதேன் என வாசகர் சிலர் வினவக்கூடும். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கி 2001இல் அளித்த ‘ஸ்பிரிட்டட் அவே’, 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது. 2003இல் ஆஸ்கர் விருதும் பெற்றது. விருதுகள் நிற்க. பல நாட்டுச் சிறாரையும் பெற்றோரையும் அது ஒருங்கே ஈர்ப்பது எதனால் என்பதே நம் வினா.

பத்து வயதுச் சிஹிரோவின் பெற்றோர், ஆளில்லா உணவுக்கடையில் கேளாமலே அமர்ந்து உண்கின்றனர். பணமிருக்கிறது, பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்பது தந்தையின் சமாதானம். இருவரும் பன்றிகளாகின்றனர். அவர்களை மீட்க, தேவர்கள் நீராட வரும் விடுதியில் சிறுமி வேலைக்கமர்கிறாள். விடுதித் தலைவி யுபாபா அவள் பெயரைப் பறித்து, ‘சென்’ என்னும் ஓரெழுத்தை மட்டும் விட்டுவைக்கிறாள். அதன் பொருள் ‘ஆயிரம்’. கூலியாளுக்கு எண்ணே போதும் போலும்! தன் பெயரை மறந்தவர் வீடு திரும்பும் வழியையும் மறப்பர். அவளுக்குத் துணைநிற்கும் ஹாகு அவ்வாறு மறந்தவன். அவன் உண்மையில் ஓர் ஆறு. அடுக்குமாடி வீடுகளுக்காகத் தூர்க்கப்பட்ட ஆறு.

ஹாகுவைக் கிறிஸ்துவாகவும் யுபாபாவைச் சாத்தானாகவும் கொண்டு அருளுரை ஆயத்தம் செய்ய நம் மாணவர் விரும்பலாம். அது படத்தைச் சிதைப்பதாகும். யுபாபாவும் தன் பிள்ளைக்காகப் பதறும் தாயே. பொன்னை வாரி இறைத்து, பணியாளரையும் விழுங்கும் முகமற்ற ஆவிகூட இறுதியில் அழிக்கப்படுவதில்லை. ஒரு மூதாட்டியின் இல்லத்தில் அதற்கு நூற்கும் வேலை கிடைக்கிறது. அவ்வாவி நீட்டிய பொன்னைச் சிறுமி வேண்டாமென்று மறுக்கும் காட்சி, பேராசை பற்றிய நம் பிரசங்கங்கள் பலவற்றினும் வலியது என்பேன்.

குறையொன்றுண்டு. பெற்றோர் மனித உருவம் பெறுகின்றனர், மனந்திரும்புதல் இல்லை. நடந்தது எதுவும் அவர்கள் நினைவில் இல்லை. மனந்திரும்புதலற்ற மீட்பை நாம் எங்ஙனம் ஏற்பது? நெடுநாள் இதனைப் பெருங்குறையாகவே கருதினேன். ஆனால் தந்தையின் கடனுக்காகத் தாம் உழைத்து, அதனை வெளியே சொல்லாதிருக்கும் பிள்ளைகளை ஆயர்களாகிய நாம் அறிவோம். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் மறுத்துரைக்கும் பழமொழி அவர்கள் வீடுகளில் இன்னும் மெய்யாகவே இருக்கிறது. அப்பிள்ளைகள் தம்மைக் காணும் இடம் இதுவென இப்போது எண்ணுகிறேன்.

இறுதிக் காட்சியில் தாய், தன்னைவிட்டு அப்படி ஓடிப்போகலாகாதெனச் சிஹிரோவைக் கடிந்துகொள்கிறாள். சிறுமி நடந்தது எதையும் சொல்லவில்லை; தாயின் கையைப் பற்றிக்கொண்டு நடக்கிறாள்.