ஐந்து நொடி பின்னால் போகும் பொத்தான்

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை அகராதியைத் தொடாமல் படித்துவிடுவோம். மின்னஞ்சல் எழுதினால் பிழை இருக்காது. ஆனால் படம் பார்க்கும்போது சப்டைட்டிலை நிறுத்திவிட்டால் பாதி வசனம் போய்விடும். நம்மில் பலருடைய ஆங்கிலம் இப்படித்தான் இருக்கிறது, என்னுடையதும்தான். ஏழு வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் யூக்ளிஷ் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

அது செய்வது ஒரே வேலை. ஒரு சொல்லையோ தொடரையோ தட்டினால், யூடியூபில் யார் யார் அதைச் சொல்லியிருக்கிறார்களோ அந்த வீடியோக்களை, சொன்ன இடத்திலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று நாடுவாரியாகவும் பிரித்துக் கேட்கலாம். மற்ற வசதிகள் பார்த்தாலே புரியும். எனக்குப் பிடித்துப்போனது ஒரு சிறிய பொத்தான். தட்டினால் ஐந்து நொடி பின்னால் போகும்.

அதன் அருமை புரிய ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு அமெரிக்கர், ‘வீ கேன் டெலிவர் ஆன் மண்டே’ என்றார். திங்கட்கிழமை சரக்கை எடுக்க லாரி ஏற்பாடு செய்தேன். லாரி வெறுமனே திரும்பியது. அவர் சொன்னது ‘கேன்’ அல்ல, ‘கேன்ட்’. முடியாது என்பதை முடியும் என்று கேட்டிருக்கிறேன். சொல் தெரியும், இலக்கணம் தெரியும், கவனமாகவும் கேட்டேன். பிறகு எங்கே தவறியது?

யூக்ளிஷில் இந்த இரண்டையும் அமெரிக்கக் குரல்களில் மாற்றி மாற்றிக் கேட்டபோதுதான் விடை கிடைத்தது. முடியும் என்று சொல்லும்போது வாக்கியத்தின் நடுவில் அவர்கள் ‘கேன்’ என்று முழுசாக உச்சரிப்பதே அபூர்வம். அது ‘க்ன்’ என்று சுருங்கி அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுகிறது. முடியாது என்னும்போதுதான் ‘கே’ அழுத்தமாக வருகிறது. கடைசி ‘ட்’ தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதாவது ‘கேன்’ என்று தெளிவாகக் காதில் விழுந்தால் அங்கே பெரும்பாலும் இருப்பது முடியாது! பள்ளியில் படித்த உச்சரிப்பை நம்பியதால்தான் எனக்குத் தலைகீழாகக் கேட்டது. பிரிட்டிஷ் குரல்களில் இந்தச் சிக்கல் குறைவு. அவர்கள் ‘கான்ட்’ என்று உயிரொலியையே மாற்றிவிடுகிறார்கள்.

இந்த வித்தியாசம் ஒருமுறை கேட்டால் பிடிபடாது. அதற்குத்தான் அந்தப் பொத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். புரியாவிட்டால் ஐந்து நொடி பின்னால். மறுபடியும் புரியாவிட்டால் இன்னொரு முறை. மூன்று தடவைக்குப் பிறகே கண்ணைத் திறந்து கீழே ஓடும் எழுத்தைப் பார்ப்பேன். பிறகு அவர் சொன்ன வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்வேன். எழுத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் காதுக்கு வேலை இல்லை. கண் படித்ததைக் காது கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

வேகத்தைக் குறைத்துக் கேள் என்று அறிவுரை சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. அரை வேகத்தில் ஓட்டினாலும் விழுங்கிய ‘ட்’ திரும்பி வராது. பேச்சு இழுபடும், அவ்வளவுதான். மாதச் சந்தா கட்டி நான் வைத்திருந்த ஒரு செயலியில் இதைவிட மோசம். ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து வாசிக்கும் குரல்கள். அதில் முழு மதிப்பெண் வாங்கியவர்கூட நிஜ மனிதர்கள் பேசும்போது திகைத்துப்போவார்.

ஐந்தாவது வாரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. நான் கேட்டுக்கொண்டிருப்பது புணர்ச்சி! பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது திரிதல். ‘டென் பாய்ஸ்’ என்பதை வேகமாகச் சொல்பவர் வாயில் அது ‘டெம் பாய்ஸ்’ ஆகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. ‘நெக்ஸ்ட் டே’யில் ஒரு ‘ட்’ கெட்டு ‘நெக்ஸ்டே’ ஆகிறது. பூவும் கொடியும் பூங்கொடி ஆகும்போது புதிதாக ஒரு மெய் தோன்றுகிறது. ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதைப் பல பிரிட்டிஷ்காரர்கள் ‘லாரண்டார்டர்’ என்கிறார்கள். எழுத்தில் இல்லாத ஒரு ‘ர்’ அங்கே முளைக்கிறது. ‘கோ ஆன்’ ‘கோவான்’ ஆவதும் ‘சீ இட்’ ‘சீயிட்’ ஆவதும் நம்முடைய உடம்படுமெய்யேதான், அதே வகரமும் யகரமும். அழுத்தம் விழாத உயிர்கள் அங்கே குறுகுவதைக் கேட்டால் குற்றியலுகரம் நினைவுக்கு வரும்.

ஒரே ஒரு வேறுபாடு. தமிழில் பொற்குடம் என்று எழுதியும் காட்டுகிறோம். ஆங்கிலம் தன் புணர்ச்சியை எழுதுவதில்லை. ஏட்டில் ஆங்கிலம் கற்ற நமக்கு அதைக் காணும் வாய்ப்பே இருந்ததில்லை. நம் காதில் குறை இல்லை. சொல்வளத்திலும் குறை இல்லை. சொற்கள் புணரும் இடத்தை யாரும் நமக்குக் காட்டவில்லை. ஒரே தொடரை முப்பது பேர் வாயில் கேட்கவைத்து யூக்ளிஷ் அதைக் காட்டுகிறது.

இது மட்டும் போதாது. இங்கே கிடைப்பவை துண்டுகள். நீண்ட உரையாடலைத் தொடர்ந்து பிடிக்கும் பழக்கம் தனியாக வர வேண்டும். அதற்கு பிபிசி ரேடியோ 4-இன் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை வைத்துக்கொண்டேன். 1998-இல் தொடங்கியது. மெல்வின் பிராக் பல ஆண்டுகள் நடத்தினார். பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே பொருளைப் பேசுவார்கள், முக்கால் மணி நேரம் வரை. முதல் வாரம் பத்து நிமிடத்தில் நூல் அறுந்தது. இப்போது ஒரு நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டு, யார் எதை மறுத்தார் என்று சொல்ல முடிகிறது.

என் தீர்ப்பு: மேல்நிலைக்கு வந்துவிட்ட பிறகு, கேட்பதில் மட்டும் தேங்கி நிற்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கருவியை நான் பயன்படுத்தியதில்லை. இன்று இரவே அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்து ‘ஐ கேன்ட்’ என்று தேடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இருபது குரல்களைக் கேளுங்கள். எழுத்தைக் கடைசியில் பாருங்கள்.