ரிச் டேட் புவர் டேட்: ஒரு கிரவுண்டு மனை வாங்கியவனின் மறுவாசிப்பு

போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. பையில் ராபர்ட் கியோசாகியின் ‘ரிச் டேட் புவர் டேட்’. "மாமா, செங்கல்பட்டு பக்கம் ஒரு கிரவுண்டு பார்த்திருக்கேன், டோக்கன் அட்வான்ஸ் கேக்கறாங்க, நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றான்.

எனக்கு வயிற்றில் லேசாக ஏதோ செய்தது. 2007ல் இதே புத்தகத்தைப் படித்துவிட்டு, 2008ல் இதே செங்கல்பட்டு பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கியவன் நான். அலமாரியிலிருந்து என் பழைய பிரதியை எடுத்து இரண்டு ராத்திரி திரும்பப் படித்தேன். பென்சில் கோடெல்லாம் அப்படியே இருக்கு. பாதிக் கோடுகளை இப்போது போடமாட்டேன். அதுதான் இந்தப் பதிவு.

முதலில் நல்லது. 1997ல் வந்த இந்தப் புத்தகத்தின் மையக் கருத்து ஒண்ணுதான்: உன் பாக்கெட்டில் காசு போடுவது சொத்து, உன் பாக்கெட்டிலிருந்து காசு எடுப்பது கடன்சுமை. அதனால் நீ குடியிருக்கும் வீடுகூட சொத்து இல்லை. கணக்கியல் படித்தவர்கள் இந்த வரையறையைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சம்பளம் வந்த மறுநாளே காணாமல் போகிற ஒரு இருபத்தஞ்சு வயசுக்காரனுக்கு இது நல்ல உலுக்கல். வரவு எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தப் புத்தகத்தால்தான் வந்தது. அந்த நன்றி இன்னும் இருக்கு. பணக்கார அப்பா நிஜ மனிதரா கற்பனையா என்ற சண்டையும், 2012ல் கியோசாகியின் கம்பெனிகளில் ஒன்று திவால் மனு போட்ட கதையும் எனக்கு முக்கியமில்லை. புத்தகம் சொல்வது நிற்குமா என்பதுதான் கேள்வி.

சிக்கல், உதாரணங்களில் இருக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் நகரம், வீட்டு விலைகள் விழுந்து கிடந்த காலம். 75,000 டாலர் மதிப்புள்ள வீட்டை ஒரு திவால் வழக்கறிஞர் அலுவலகத்தில் 20,000 டாலருக்குப் பிடிக்கிறார். முன்பணம் 2,000 டாலர். அதுவும் நண்பரிடம் 90 நாள் கைமாற்று. பத்திர வேலை முடிவதற்குள் பேப்பரில் விளம்பரம் கொடுத்து, முன்பணமே இல்லாமல் 60,000 டாலருக்கு விற்கிறார். 40,000 டாலர் லாபம், கடன் பத்திரமாக.

2007ல் இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது, கோட் ரிவ்யூ பண்ற புத்தியோடு படித்தால், எர்ரர் வரும் பாதை ஒன்றுகூட எழுதப்படவில்லை. விளம்பரத்துக்கு ஆள் வராமல் 90 நாள் தாண்டியிருந்தால்? கையில் காசே இல்லாமல் வாங்கியவர் மூணாம் மாசமே தவணை கட்டாவிட்டால்? அதைவிட, அந்த வீடு ஏன் அந்த விலைக்குக் கிடைத்தது? 80களின் கடைசியில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சேமிப்பு-கடன் நிறுவனங்கள் கவிழ்ந்தன. அவற்றின் சொத்துகளை விற்றுத் தீர்க்க 1989ல் அரசே ஒரு அமைப்பை உருவாக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சந்தை எல்லா ஊரிலும் எல்லா வருஷமும் இருக்காது. புத்தகமோ இதைக் கண்ணும் தைரியமும் இருந்தால் யாருக்கும் அமையும் விஷயமாகச் சொல்லுது.

சரி, அதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். திவாலான வீட்டுக்கு நம்மிடம் பக்கமாக இருப்பது வங்கி ஏலம். ஏலத்தில் ஜெயித்தால் விலையில் 25 சதவீதத்தை உடனே கட்டணும். மீதி, பொதுவாக 15 நாளில். கூடவே ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம். உள்ளே ஆள் குடியிருந்தால் அது உங்கள் தலைவலி. கைமாற்று 2,000 டாலர் வித்தை இங்கே முதல் படியிலேயே நின்றுவிடும்.

வாடகை? அமெரிக்க முதலீட்டாளர்களிடம் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: மாத வாடகை, வீட்டு விலையில் ஒரு சதவீதமாவது வரணும். சென்னையில் 80 லட்சம் ரூபாய் அபார்ட்மென்ட் வீட்டுக்கு மாசம் 80,000 வாடகை கேட்டுப் பாருங்கள். நான் குடியிருக்கும் தெருவில் அந்த விலை வீடு 20,000க்குப் போகுது. வருஷத்துக்கு 3 சதவீதம். 80 சதவீதம் கடன் வாங்கினால் 64 லட்சம். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 55,500 ரூபாய். வாடகை போக, பாக்கெட்டிலிருந்து மாசம் 35,500 போகுது. பணக்கார அப்பாவின் சொந்த வரையறைப்படியே இது சொத்து இல்லை.

இதைவிட வேடிக்கை மனை விஷயம். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேன், சைட்டில் ஷாமியானா, மதியம் பிரியாணி. மைக்கில் பேசுகிறவர் தவறாமல் கியோசாகியை இழுப்பார். காலி மனை மாசாமாசம் ஒரு ரூபாய் தருமா? தராது. வேலி, வரி, கருவேலம் வெட்டும் கூலி என்று எடுத்துக்கொண்டுதான் இருக்கும். விலை ஏறும் என்று நம்பி வாங்குவதை அந்தப் புத்தகமே தலையாய உத்தியாகச் சொல்லவில்லை, வரவைத்தான் சொல்லுது. நம்ம ஊரில் புத்தகத்தின் பெயரை வைத்து புத்தகம் வேண்டாமென்று சொன்ன பொருளை விற்கிறார்கள். நானும் வாங்கினேன்.

என் மனை பஞ்சாயத்து அப்ரூவல். ‘அதெல்லாம் போதும் சார், எல்லாரும் இப்படித்தான் வாங்கறாங்க’ என்றார்கள். பதிவுச் செலவோடு 3,90,000 ரூபாய். 2016 செப்டம்பரில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை என்றானபோது விற்க ஆள் தயாராக இருந்தார். அதே செப்டம்பரில்தான் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. வாங்க வந்தவர் போனை எடுக்கவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்தோம், பாக்கிக்கு பர்சனல் லோன். 2017ல் தடை தளர்ந்து வரன்முறைத் திட்டம் வந்த பிறகு, கட்டணம் கட்டி, 2018ல் விற்றேன். செலவு, கமிஷன் போக 10 லட்சம். பத்து வருஷக் கூட்டு வட்டிக்குப் போட்டால் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. மோசமில்லை, ஒத்துக்கறேன். ஆனால் தேவைப்பட்ட அந்த ஒரு மாசம் அது வெறும் மண்ணாக இருந்தது. விற்க முடியாமல் போவது என்ற ஆபத்து அந்தப் புத்தகத்தில் எவ்வளவு தூரம் பேசப்படுது என்று இந்த முறை தேடித்தேடிப் படித்தேன். பயத்தை வெல்வது பற்றி நிறைய இருக்கு. இதைப் பற்றி எனக்குப் போதுமானது எதுவும் கிடைக்கவில்லை.

பத்திரம் பற்றியும் அப்படித்தான். அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வாங்குபவருக்கு உரிமைக் காப்பீடு என்று ஒன்று இருக்கு. விற்றவருக்கு உரிமை இல்லையென்று பின்னால் தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் ஈடு கொடுக்கும். அதனால் ஆசிரியர் அதைப் பேசாமல் தாண்டிப் போகலாம். இந்தியாவில் சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தைத்தான், உரிமையை அவர் உறுதி செய்வதில்லை. அந்த வேலை வாங்குகிறவன் தலையில்: தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, புலப்படம், டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி, ரெரா பதிவு எண். வில்லங்கத்திலும் பதிவானதுதான் தெரியும். பங்கு கிடைக்காத அத்தை தெரியமாட்டார். பதிவுக்கு மட்டும் 2023லிருந்து 9 சதவீதம் போகுது (முத்திரை, மாற்று வரி 7, கட்டணம் 2). வாங்கிய அன்றே அவ்வளவு பின்னால் நிற்கிறீர்கள். ஒரு ஆரம்பக்காரனுக்கான புத்தகத்தில் பாதி இதுவாக இருக்கணும். விற்காது, தெரியும்.

அக்கா பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் நான் ஏழை அப்பா ஆகிவிடுவேன். புத்தகம் அந்தப் பாத்திரத்தை ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கு, எச்சரிக்கை செய்கிற எல்லாருக்கும் பொருந்துற சட்டை. அதனால் சர்வே நம்பரை மட்டும் வாங்கி, பதிவுத்துறை தளத்தில் அவனையே வில்லங்கம் பார்க்கச் சொன்னேன்.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு போன். "மாமா, 1998ல ஒரு அடமானம் இருக்கு. ரத்துப் பத்திரம் எதையும் காணோம்."

"புரமோட்டர் என்ன சொல்றார்?"

"அதெல்லாம் பழசு, பிரச்சினையில்லைங்கறார். சனிக்கிழமைக்குள்ள டோக்கன் போடணுமாம், இல்லாட்டி வேற ஆளுக்குப் போயிடுமாம்."

ரசீது ஆவணத்தின் நகலை எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.